சீட் சரி, இடுப்பு லூஸ்

அளந்து தைத்த உலகம் – 9

1939இல் அமெரிக்க வேளாண்மைத் துறை பெண்களை அளக்க ஆரம்பித்தது. உழவுக்கும் இடுப்பளவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். வீட்டுப் பொருளாதாரப் பிரிவு அப்போது அந்தத் துறைக்குள்தான் இருந்தது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகிய இருவர் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய 15,000 பெண்கள் அளக்கப்பட்டார்கள்; ஆளுக்கு 59 அளவுகள். 1941இல் அறிக்கை வெளியானது. வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது அதன் பெரிய குறை. ஆனாலும் பெண் உடல் ஒரே அச்சில் வார்த்ததல்ல என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிட்டது.

அந்த எண்களை வைத்து 1958இல் ஒரு தரநிலை வந்தது. மெயில் ஆர்டரில் துணி விற்றவர்கள்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள்; அளவு பொருந்தாமல் திரும்பி வந்த பார்சல்கள் அவர்களுக்குத் தலைவலி. அந்தத் தரநிலையில் அளவு எண்ணோடு உயரத்துக்கு ஒரு எழுத்து உண்டு. சீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சீட் என்பது, பின்பக்கம் அதிகம் பெருத்திருக்கும் இடத்தைச் சுற்றித் தையற்காரர் எடுக்கும் அளவு. அது ஒல்லி என்றால் கழித்தல் குறி, பெரிது என்றால் கூட்டல் குறி, நடுத்தரம் என்றால் குறியே இல்லை. இன்றைக்கு ஜீன்ஸ் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பும் பெண்கள் எதைக் கேட்கிறார்களோ, அது 1958இலேயே அரசு ஆவணத்தில் அச்சாகிவிட்டது.

பிறகு ஏன் கிடைக்கவில்லை? மூன்று உயரம், மூன்று சீட். ஒரே எண்ணில் ஒன்பது உடை தைக்க வேண்டும், ஒன்பதையும் கடையில் அடுக்க வேண்டும். எந்த முதலாளி செய்வார்? தரநிலையைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. 1970இல் அதைத் திருத்தினார்கள். 1983இல் அரசே கைகழுவியது. அதன் பிறகு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவுப் பட்டியல். எண்களும் இடம் மாறின. 1958 பட்டியலில் 8ஆம் அளவுக்காரியின் இடுப்பு 23.5 அங்குலம். இன்று அங்கே 8 என்று விற்கும் உடையின் இடுப்பு அதைவிடப் பல அங்குலம் பெரிது.

கம்பெனிகள் பெரும்பாலும் செய்வது இதுதான். ஃபிட் மாடல் என்ற ஒரு பெண்ணின் உடலுக்கு முதல் ஜீன்ஸைக் கச்சிதமாக வெட்டுவார்கள். மற்ற அளவுகள் அதிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. இடுப்பில் ஒரு அங்குலம் கூட்டினால் சீட்டிலும் ஒரு அங்குலம் கூட்டுவார்கள். ஆக, 26ஆம் அளவிலும் 34ஆம் அளவிலும் இடுப்புக்கும் சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேதான். 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு 30, சீட் 44 உள்ள ஒரு பெண்ணுக்கு அந்த வித்தியாசம் 14. சீட்டுக்குப் பொருந்த வேண்டுமென்றால் அவர் 34ஐத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் இடுப்பில் நான்கு அங்குலம் தொங்கும். பெல்ட் போட்டு இறுக்கினால் பின்னால் துணி சுருங்கிக் கொசுவம் போல நிற்கும். குனிந்தால் முதுகுக்குக் கீழே வாய் பிளக்கும்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 6,000க்கும் மேற்பட்ட பெண்களின் உடல் ஸ்கேன்களை வகைபிரித்துப் பார்த்தார்கள். சுமார் 20 சதவீதம் பேருக்குக் கீழ்ப்பகுதி அகலம். விளம்பரங்கள் கொண்டாடும் மணற்கடிகார உடல் 8 சதவீதம்தான். ஐந்தில் ஒருவரை விதிவிலக்கு என்று ஒதுக்குவது என்ன வியாபாரமோ!

ஜீன்ஸ் பிறந்த இடமும் இதற்கு ஒரு காரணம். லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873இல் காப்புரிமை வாங்கியது ஆண் தொழிலாளிகளின் கால்சட்டைக்கு. பெண்களுக்கென்று லீவைஸ் ஜீன்ஸ் தைத்தது 1934இல்தான். புடவைக்காரிகளுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது; பாவாடை நாடா யாரிடமும் சீட் அளவு கேட்பதில்லை.

1994இல் லீவைஸ் ஒரு நல்ல காரியம் செய்து பார்த்தது. சின்சினாட்டி கடையில் ஒரு பெண்ணிடம் இடுப்பு, சீட், ரைஸ் (கவட்டிலிருந்து இடுப்புப்பட்டி வரையிலான அளவு), கால் நீளம் என்று நான்கே அளவுகள் எடுத்து, கம்ப்யூட்டர் வழியாக டென்னசியில் இருந்த ஆலைக்கு அனுப்பினார்கள். அவருக்கென்றே வெட்டித் தைத்த ஜீன்ஸ் சில வாரங்களில் வந்து சேரும். சாதாரண ஜீன்ஸைவிடச் சில டாலர்தான் கூடுதல். பெண்களுக்குப் பிடித்திருந்தது, திட்டம் பல ஊர்களுக்குப் போனது. ஆனால் பக்கத்தில் ஆலை இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். 2003 வாக்கில் லீவைஸ் அமெரிக்காவில் தன் ஆலைகளை மூடிவிட, இதுவும் நின்றது.

2010இல் மறுபடி ஒரு முயற்சி. 60,000 பெண்களின் உடல் வடிவங்களை ஆராய்ந்து 'கர்வ் ஐடி' என்று மூன்று வெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு நான்காவதும் சேர்ந்தது. எத்தனை பெரிய உடல் என்று பார்க்காமல், எப்படி வளைந்த உடல் என்று பார்த்து ஜீன்ஸ் எடுக்கச் சொன்னது அது. 1958இன் கூட்டல், கழித்தல் குறிகளுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

2016இல் தொலைக்காட்சிப் பிரபலம் குளோயி கர்டாஷியனும் எம்மா கிரீடும் தொடங்கிய 'குட் அமெரிக்கன்' கம்பெனி, பின்பக்க இடைவெளி விழாத இடுப்புப்பட்டியை முன்னிறுத்தியே விற்றது. முதல் நாள் விற்பனை 10 லட்சம் டாலர். அதைவிடச் சுவாரஸ்யமான விஷயம், 14, 16 அளவுகளில்தான் ஜீன்ஸ் அதிகம் திரும்பி வருகிறது என்று கவனித்து, நடுவில் 15 என்று ஒரு அளவையே அவர்கள் உண்டாக்கியது. அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் தன் 'கர்வ் லவ்' ஜீன்ஸில் இடுப்பை அப்படியே விட்டு, சீட்டிலும் தொடையிலும் இரண்டு அங்குலம் கூட்டியது.

கடையில் நிற்கும்போது இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று யோக், அதாவது பின்பாக்கெட்டுக்கு மேலே வரும் முக்கோணத் துண்டு. நடுவில் அது எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ, அவ்வளவு வளைவுக்கு இடம் கொடுக்கிறது. இன்னொன்று இடுப்புப்பட்டி. மடித்துத் தரையில் வைத்தால் நேர்கோடாகக் கிடக்கும் பட்டி வேண்டாம். வில் போல வளைந்து வெட்டியது உடம்போடு ஒட்டும். போட்டுப் பார்க்கும்போது பக்கவாட்டுப் பாக்கெட் வாய் திறந்து நின்றால் சீட் போதவில்லை. உட்கார்ந்ததும் பின்பக்கம் கீழே இறங்கினால் பின் ரைஸ் குறைவு; அதற்குச் சின்ன அளவு வாங்குவது மருந்தல்ல. 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன் என்று லேபிளில் இருந்தால் கொஞ்சம் இழுபடும். ஆனால் வெந்நீரும் டிரையர் சூடும் அந்த எலாஸ்டேனைச் சீக்கிரம் தளர்த்திவிடும்.

சீட்டுக்கும் தொடைக்கும் பார்த்து வாங்கிவிட்டு, இடுப்பைத் தையற்காரரிடம் பிடிக்கக் கொடுப்பதுதான் இன்றைக்கும் நம்பகமான வழி. நடுப்பின் தையலைப் பிரித்து, யோக்கோடு சேர்த்து ஒன்றரை, இரண்டு அங்குலம் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட்டுகள் ஒன்றையொன்று நெருங்கி அசிங்கமாகும். மீதியைப் பக்கத் தையல்களில்தான் பிடிக்க வேண்டும். தளர்வை இறுக்க முடியும். இறுக்கமான ஜீன்ஸைப் பெரிதாக்க உள்ளே துணி இருக்காது.

இந்தியாவில் நிலைமை இன்னும் மோசம். இங்கே விற்கும் ஜீன்ஸ்களில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுப் பட்டியல்களைத் தழுவியவை. நம் உடம்பை அளப்பதற்காக தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டின் 'இந்தியாசைஸ்' திட்டம் வந்தது. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயதுக்குட்பட்ட 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது அதன் இலக்கு. அதிலிருந்து வரும் அளவுப் பட்டியலை வாங்கும் கம்பெனிகள் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு வித்தியாசத்தை விட்டுவிட்டால், 1958இன் கதைதான் இங்கேயும் நடக்கும்.

ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பும் வாசகியருக்கு ஒரு வேண்டுகோள். காரணம் கேட்கும் இடத்தில் 'சிறிது', 'பெரிது' என்று இரண்டு மட்டும் இருந்தால், ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். கீழே எழுத இடம் கொடுத்திருந்தால், 'சீட் சரி, இடுப்பு மூன்று அங்குலம் லூஸ்' என்று எழுதிவிட்டு அனுப்புங்கள்.

(தொடரும்)