மலபார் தேக்கில் ஒரு போர்க்கப்பல்

திருவனந்தபுரம் தம்பானூரில் வடக்கே போகும் ரயிலைப் பிடித்து, ஷொர்ணூரில் வண்டி மாறி நிலம்பூருக்குப் போனால் பாதையோரமெல்லாம் தேக்குதான். அந்த மலபார் தேக்கின் உறுதிக்குச் சாட்சியாக, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் 200 ஆண்டு தாண்டிய கப்பல் ஒன்று மிதக்கிறது. இலங்கைத் திருகோணமலையின் பெயர் பெற்ற 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி' அது.

நெப்போலியன் காலப் போர்களில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வரவே, பிரிட்டிஷ் கடற்படை தேக்கில் கப்பல் கட்டப் பம்பாயை நாடியது. டிரிங்கோமலியின் வரைபடங்களைக் கொண்டுவந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812இல் அமெரிக்கரிடம் தோற்று அழிந்தது. மறுபடி வரைபடங்களை அனுப்பி, 1816இல்தான் அடிமரம் நாட்ட முடிந்தது. பார்சி கப்பல் தச்சர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிமுடித்த கப்பல் 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த 'ஹீபி' என்ற வேகக் கப்பலின் அமைப்பைத் தழுவியது. மூன்று பாய்மரம், 46 பீரங்கி. முகப்பில் தலைப்பாகை கட்டிய இந்தியரின் மரச்சிற்பம்.

ஓக்கைவிடத் தேக்கு ஏன் நீடிக்கிறது? ஓக்கில் துவர்ப்பு அமிலம் அதிகம். ஈரம் பட்டதும் அது இரும்பு ஆணியை அரிக்கும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து இற்றுப்போகும், பிடி தளரும். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசை இரும்பைத் துருவிலிருந்தும், மரத்தை உளுப்பிலிருந்தும் காக்கிறது.

கட்டியபோது போர் ஓய்ந்திருந்ததால் கப்பல் பல ஆண்டுகள் வேலையின்றிக் கிடந்தது. விக்டோரியா காலத்தில்தான் அதற்குப் பணி வந்தது. 1845இல் பீரங்கிகளை 26 ஆகக் குறைத்துத் திருத்தியமைத்தார்கள். 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் காவல் புரிந்தது. நீராவிக் கப்பல்கள் ஆதிக்கம் பெற்றபின் மாலுமிகளின் பயிற்சிக் கூடமானது. 1897இல் விலைபோய், வேறு பெயரில் இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி தந்தது. 1990இல் தொடங்கிய சீரமைப்பு முடிந்தபோதும் பழைய மரத்தில் பெரும்பகுதி அப்படியே இருந்தது.

இந்தப் புகழுக்கு நம் காடுகள் கொடுத்த விலை பெரிது. கண்மூடித்தனமாக வெட்டியதில் தேக்கு அருகியது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் வன அதிகாரி சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று 'கனோலி பிளாட்' என்று அழைக்கப்படும் தோப்பு அவர்கள் முயற்சியில் எஞ்சியது. வெட்டியவர்களே நடவும் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு உறைக்க, ஒரு காடே அழிய வேண்டியிருந்தது.