வாயைத் திறந்தால் ஊர் தெரியும்

அமெரிக்கர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இங்கிலீஷ் பேசுவதாகத்தான் வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அங்கே ஓர் உயிரெழுத்து ஒருவரைச் சிறையிலிருந்து மீட்டிருக்கிறது. ஒரு 'ஹலோ' பலருக்கு வாடகை வீட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறது.

1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பான் அமெரிக்கன் விமான நிறுவனத்துக்கு அடுத்தடுத்து மிரட்டல் போன்கள் வந்தன. விமானத்தில் குண்டு இருக்கிறது, வெடிக்கப்போகிறது என்றது ஓர் ஆண் குரல். பதிவான அந்தக் குரலைப் போட்டுக் கேட்ட நிறுவனத்தினருக்கு, இது தங்கள் ஆள்தான் என்று பட்டது. சரக்குப் பிரிவில் வேலை பார்த்த ஊழியர் அவர். நிர்வாகத்தின் மீது மனக்கசப்பு உள்ளவர் என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் நியூயார்க் ஆள். மிரட்டிய குரலிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரை வாடை அடித்தது. அது போதுமானதாக இருந்தது. அவர் சிறைக்குப் போனார். வழக்கு முடிய ஓர் ஆண்டுக்கும் மேல் ஆயிற்று.

ஒலிநாடாக்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் வில்லியம் லபோவின் கைக்கு வந்தன. இளமையில் மை தயாரிக்கும் வேதியியலராகப் பிழைப்பு நடத்தி, பிறகு மொழியியலுக்கு வந்தவர் அவர். நாடாவைக் கேட்ட மாத்திரத்திலேயே, குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மிரட்டியவர் நியூயார்க்காரரே அல்ல. அவர் பேசியது பாஸ்டன் பகுதியின் பேச்சு.

இதைக் கலிபோர்னியா நீதிபதிக்குப் புரியவைப்பதுதான் சிரமம். மேற்குக் கரைக் காதுக்கு நியூயார்க்கும் பாஸ்டனும் ஒன்றுதான். இரண்டு ஊர்க்காரர்களுமே 'கார்' என்பதைக் 'கா' என்று முடிப்பவர்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. ஸ்விட்ச் போடும்போது சொல்கிறோமே 'ஆன்', 'ஆஃப்', அந்த இரண்டு சொற்களின் உயிரொலியும் பாஸ்டனில் ஒன்று. நியூயார்க்கில் இரண்டும் வேறு. 'ஆன்' வாயைத் திறந்து வரும். 'ஆஃப்' உதட்டைக் குவித்து, ஏறக்குறைய 'ஓஃப்' என்று வரும். நியூயார்க் தெருக்களில் வளர்ந்தவர் இந்த இரண்டையும் கலக்கமாட்டார். மிரட்டல் குரலில் அவை கலந்திருந்தன. ஊழியர் பேச்சில் கலக்கவில்லை. லபோவ் இரண்டு பேரின் உயிரொலிகளையும் கருவியில் அளந்து வரைபடமாகவே நீதிமன்றத்தில் காட்டினார்.

வேண்டுமென்றே வேற்றூர்க்காரர் போலப் பேசியிருக்கலாமே என்ற சந்தேகம் எழாமல் இருக்குமா? மிமிக்ரி செய்பவர்கள் பிடிப்பதெல்லாம் ஊருக்கு ஊர் பிரபலமான நாலு சொற்களை. எந்த உயிரொலி எதனோடு சேரும், எதனோடு சேராது என்ற உள் ஒழுங்கு பேசுகிறவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை நடிப்பது எப்படி? நீதிபதி அவரை விடுதலை செய்தார்.

இப்படி இரண்டு ஒலிகள் ஒன்றாகிவிடுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. மதுரைப் பக்கத்துப் பேச்சில் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடும். தோப்பா, மீனா என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் 'பின்'னும் 'பென்'னும் அப்படி. பேனா வேண்டுமென்று கேட்டால் குண்டூசி வந்துவிடும் என்பதால், அங்கே பலர் 'இங்க் பென்' என்று இங்க்கையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன? ஓரளவு, யார் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள் என்பதிலிருந்து. 17-ம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸில் வந்து குடியேறிய பியூரிட்டன்களில் பலர் இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டத்தவர்கள். அடுத்த நூற்றாண்டில் வடக்கு அயர்லாந்திலிருந்து வந்த ஸ்காட்லாந்து வம்சாவளியினர் பென்சில்வேனியா வழியாக அப்பலாச்சியன் மலைகளுக்குள் போனார்கள். பாஸ்டன், சார்ல்ஸ்டன் போன்ற துறைமுக நகரங்கள் லண்டனோடு தொடர்பு விடாமல் வைத்திருந்தன. அங்கே சொல் கடைசியில் வரும் 'ர்' ஒலியை விழுங்குவது நாகரிகமானபோது இவர்களும் விழுங்கக் கற்றார்கள். மேற்கே போகப் போகக் கிழக்கின் எல்லாக் கிளைகளும் ஒரே வண்டியில் ஏறின, கலந்தன, கூர்மை மழுங்கியது. அட்லாண்டிக் கரையில் சில மணி நேரப் பயணத்துக்குள் பேச்சு மாறுகிறது. மேற்கிலோ ஆயிரம் மைல் போனாலும் மாற்றத்தைக் கண்டுபிடிக்கக் காது கொஞ்சம் பழக வேண்டும்.

ஊரை மட்டுமல்ல, அந்தஸ்தையும் உச்சரிப்பு காட்டிக்கொடுக்கும். 1962-ல் லபோவ் நியூயார்க்கில் மூன்று துணிக்கடைகளுக்குள் புகுந்தார். பணக்காரர்களுக்கு சாக்ஸ், நடுத்தர வர்க்கத்துக்கு மேசீஸ், மலிவு விலைக்கு எஸ். கிளைன். நாலாவது மாடியில் கிடைக்கும் ஏதாவது ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று விற்பனை ஊழியர்களிடம் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காது சரியாகக் கேட்காதவர் போல இன்னொரு முறை சொல்லவைப்பார். பிறகு நாலடி தள்ளிப் போய், 'ர்' வந்ததா வரவில்லையா என்று குறித்துக்கொள்வார். மொத்தம் 264 பேர். சாக்ஸில் 62 சதவீதம் பேரும் மேசீஸில் 51 சதவீதம் பேரும் கொஞ்சமாவது 'ர்' சொன்னார்கள். கிளைனில் ஐந்தில் ஒருவர்தான். இத்தனைக்கும் கவுன்டருக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் கோடீஸ்வரர்கள் அல்ல. வாடிக்கையாளரின் அந்தஸ்து அவர்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை, 'ர்' விழுங்குவது ஒரு காலத்தில் உயர்குடி லட்சணமாக இருந்ததுதான். ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அப்படித்தான் பேசினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூயார்க்கில் காற்று திசை மாறியது. சீமான்களின் அடையாளம் டாக்ஸி டிரைவர்களின் அடையாளமாயிற்று. ஒலியில் தன்னளவில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. யார் வாயில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஆனால் தன் பேச்சு தன் காதில் விழுவதில்லை. டெட்ராய்ட், சிகாகோ, கிளீவ்லாண்ட், பஃபலோ ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள சுமார் 3.4 கோடி மக்களின் உயிரொலிகள் 20-ம் நூற்றாண்டில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வட்டமாக நகர்ந்திருந்தன. 'பஸ்' என்று சிகாகோக்காரர் சொன்னதைத் தனியாக வெட்டிப் போட்டுக் காட்டினால், வெளியூர்க்காரர்கள் 'பாஸ்' என்று எழுதினார்கள். அந்த மக்களோ, உச்சரிப்பே இல்லாத சுத்தமான அமெரிக்க இங்கிலீஷ் தங்களுடையது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ரேடியோவும் டிவியும் வந்து எல்லோரையும் ஒரே மாதிரி பேசவைத்துவிடும் என்ற ஆரூடமும் பலிக்கவில்லை. லபோவும் சகாக்களும் வட அமெரிக்கா முழுக்க போனில் பேட்டி எடுத்து 2006-ல் வெளியிட்ட ஒலி வரைபட நூல், பெரிய நகரங்களின் பேச்சு ஒன்றையொன்று விட்டு விலகிப் போயிருப்பதைக் காட்டியது. டிவி பேசுகிறது, ஆனால் பதில் பேச முடியாது. பேச்சைக் கற்றுக்கொடுப்பது தெருவும் பள்ளிக்கூடத் தோழர்களும்தான்.

சில நேரங்களில் மனமும் கற்றுக்கொடுக்கிறது. மாசசூசெட்ஸை ஒட்டிய மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் கோடைக்காலம் வந்தால் பணக்காரர்கள் வந்து குவிவார்கள். 1961-ல் அங்கே போன லபோவ், மீனவக் குடும்பங்களில் ஒரு பழைய உச்சரிப்பு மறைவதற்குப் பதிலாக வலுப்பெற்றிருப்பதைக் கண்டார். தீவிலேயே வாழ்வது என்று முடிவு செய்தவர்களிடம் அது அதிகம். ஊரை விட்டுப் போக நினைத்தவர்களிடம் குறைவு. நிலத்தை விலை கொடுத்து வாங்கிவிடலாம், நாக்கை வாங்க முடியாது என்று தீவுக்காரர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இதுவரை சுவாரஸ்யம். இனி வருவது அவ்வளவு சுவாரஸ்யமானதல்ல. கறுப்பின மொழியியலரான ஜான் பா, கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் வாடகைக்கு வீடு தேடினார். போனில் பேசும்போது 'வந்து பாருங்கள்' என்றார்கள். நேரில் பார்த்ததும் வீடு இல்லை என்றார்கள். படித்தவர் பேச்சு போனில் நிறத்தை மறைத்திருந்தது. மறைக்காமல் பேசினால் என்ன நடக்கும்? அவர் பல விதமாகப் பேசக்கூடியவர். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீட்டு விளம்பரங்களைப் பார்த்து, ஒரே வாசகத்தைப் பொது அமெரிக்க உச்சரிப்பிலும், கறுப்பினத்தவர் உச்சரிப்பிலும், மெக்சிகோ வம்சாவளியினர் உச்சரிப்பிலும் மாற்றி மாற்றிப் போனில் சொன்னார். பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் வுட்சைடில் முதல் குரலுக்குச் சுமார் 70 சதவீத அழைப்புகளில் 'வாருங்கள்' கிடைத்தது. மற்ற இரண்டு குரல்களுக்கும் 30 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. 1999-ல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. 'ஹலோ' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் போட்டுக் காட்டியபோதே, கேட்டவர்கள் பத்துக்கு ஏழு முறை எந்தப் பேச்சு என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் போனை எடுத்ததும் முடிவு எடுத்துவிடலாம். சட்டம் தடுக்கும் பாகுபாடுதான், ஆனால் சாட்சி ஏது?

நீதிமன்றத்திலும் இதே கதை. 2012-ல் ஃபுளோரிடாவில் டிரெய்வான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். கடைசி நிமிடங்களில் அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்த தோழி 2013 விசாரணையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் சாட்சி சொன்னாள். அவள் பேசிய கறுப்பின வட்டார இங்கிலீஷ் ஜூரர்களுக்குச் சரியாகப் புரியவில்லை. புரிந்த கொஞ்சத்தையும் நம்ப மனம் வரவில்லை. 16 மணி நேரத்துக்கு மேல் நடந்த ஜூரர்களின் ஆலோசனையில் அவள் சாட்சியம் பேச்சுக்கே வரவில்லை என்று ஜூரர் ஒருவர் பின்னர் சொன்னார். சுட்டவர் விடுதலையானார். அவள் பேசியது பிழையான இங்கிலீஷ் அல்ல, தனக்கென்று இலக்கணம் உள்ள ஒரு பேச்சு என்பதை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ரிக்ஃபோர்டும் ஷரீஸ் கிங்கும் 2016-ல் விரிவாகவே எழுதினார்கள். தீர்ப்பு வந்து மூன்று வருஷம் கழித்து.

வெள்ளையர்களும் முழுக்கத் தப்பவில்லை. இழுத்துப் பேசும் தெற்கத்தியர் என்றால் அன்பானவர், ஆனால் மந்தபுத்தி என்ற எண்ணம் வடக்கே வேரூன்றிய ஒன்று. டெக்சாஸின் லிண்டன் ஜான்சன், ஜார்ஜியாவின் ஜிம்மி கார்ட்டர், ஆர்கன்ஸாவின் பில் கிளிண்டன் என்று வரிசையாகத் தெற்கத்தியர்கள் வெள்ளை மாளிகைக்குப் போன பிறகும் அது முழுக்கக் கரையவில்லை. கென்னடி 1962-ல் 'கியூபா'வைக் 'கியூபர்' என்று உச்சரித்து உலகத்தையே அணு யுத்தத்தின் விளிம்பில் நிறுத்தி வைத்தபோது, பாஸ்டன்காரர் இல்லாத இடத்தில் 'ர்' சேர்க்கிறாரே என்று கேலி செய்தவர்கள் உண்டு. முட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் ஹார்வர்டு.

இந்தியாவுக்கு இந்த விவகாரம் 1990-களின் கடைசியில் கால் சென்டர்களோடு வந்து சேர்ந்தது. குர்கானிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இளைஞர்கள் இரவு முழுக்க உட்கார்ந்து 'ர்' சுழற்றப் பழகினார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது 'நடுநிலை' உச்சரிப்பு. அமெரிக்காவில் அப்படி ஓர் ஊர் இல்லை. எங்கிருந்து வருகிறார் என்று சட்டென்று சொல்ல முடியாதபடி டிவி செய்தி வாசிப்பவர்கள் பேசும் பேச்சுதான் அது. ஊர் தெரியாமல் பேசுவதற்குச் சம்பளம்.

ஊர் தெரிவதில்தான் அமெரிக்கர்களுக்குக் குஷி. குளிர்பானத்துக்கு என்ன பெயர், இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக் கூப்பிட என்ன சொல் என்பது போன்ற 25 கேள்விகளை வைத்து, சொந்த ஊரை வரைபடத்தில் காட்டும் விளையாட்டு ஒன்றை நியூயார்க் டைம்ஸ் 2013 டிசம்பரில் இணையத்தில் போட்டது. வடகிழக்கிலும் கலிபோர்னியாவிலும் 'சோடா'. மத்திய மேற்கில் 'பாப்'. தெற்கே எந்தப் பாட்டிலைக் காட்டினாலும் 'கோக்'. வருஷம் முடிய பத்தே நாள் இருந்தபோது வந்த அந்த விளையாட்டு, அந்த ஆண்டில் பத்திரிகையின் இணையதளத்தில் வேறெந்தச் செய்தியையும்விட அதிகமாகப் பார்க்கப்பட்டது.

ஆனால் வரைபடத்தின் வர்ணங்கள் மங்கத் தொடங்கிவிட்டன. ஜார்ஜியாவில் வெள்ளையர்களின் தெற்கத்திய இழுவை, போருக்குப் பின் பிறந்த தலைமுறையிடம் உச்சத்துக்குப் போய், அடுத்த தலைமுறையிலேயே சடாரென்று சரிந்துவிட்டதாக 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. பிற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து குவிந்தவர்கள் ஒரு காரணம். சிகாகோ, டெட்ராய்ட் வட்டாரத்தின் நகர்ந்துபோன உயிரொலிகளும் இளைஞர்களிடம் பின்வாங்குகின்றன. இந்த மாற்றங்களையெல்லாம் அரை நூற்றாண்டுக்கும் மேல் காது கொடுத்துக் கேட்ட லபோவ் 2024 டிசம்பரில் 97 வயதில் இறந்தார்.

பிட்ஸ்பர்க்கில் நிலைமை இன்னும் விசித்திரம். உருக்காலைகள் ஓடிய காலத்தில் 'டவுன்டவுன்' என்பதை 'டான்டான்' என்றும், 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு 'யின்ஸ்' என்றும் பேசியது தொழிலாளர் குடும்பங்கள். தாங்கள் வித்தியாசமாகப் பேசுவதே அவர்களில் பலருக்குத் தெரியாது. 1980-களில் ஆலைகள் மூடின, ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். போன இடத்தில் மற்றவர்கள் சிரித்தபோதுதான் தங்கள் பேச்சு அவர்கள் காதில் விழுந்தது. இன்று 'யின்ஸ்' என்று அச்சடித்த பனியன்களும் காபிக் கோப்பைகளும் பிட்ஸ்பர்க் கடைகளில் விற்பனையாகின்றன. வாங்கிப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை.