உட்கார ஒரு முக்காலி

உளுந்தூர்பேட்டை ஜவுளிக் கடை ஒன்றுக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரிகிற ஊரல்லவா? சுற்றுப்பட்டுக் கிராமத்தார் கல்யாணச் சேலை எடுக்க அங்கேதான் வருவார்கள். "வாங்கம்மா, உட்காருங்க!" என்று வாய் நிறைய உபசாரம். நாற்காலி வருகிறது. காற்றாடி நம் பக்கம் திரும்புகிறது. நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, நாற்பத்தொன்றாவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறோம். பிரித்துப் போடுகிற பெண்ணோ காலையில் கடை திறந்தபோது நின்றவள். அவளை "நீயும் உட்காரம்மா" என்று யாராவது சொன்னதுண்டா?

நாம் சொல்லாததைச் சட்டம் சொல்லியிருக்கிறது. 1947-ஆம் வருஷத்திய தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-இல் 22-ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் சட்டசபையில் மசோதாவைக் கொண்டு வந்தார். வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார்ந்து கொள்ள, ஊழியர் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என்பதே அதன் சாரம். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. துணிக்கடை மட்டுமல்ல, ஓட்டல், சினிமாக் கொட்டகைகூட இந்தச் சட்டத்துக்குள் வரும்.

இது வானத்திலிருந்து விழுந்த வரமல்ல. அண்டை வீட்டுக்காரியான கேரளத்தில் பெண்கள் போராடி வழி காட்டியது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி, கடைப் பெண்களைத் திரட்டினார். முதலில் அவர்கள் கேட்டது நாற்காலிகூட அல்ல, கழிப்பறை! அது இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்தவர்கள் உண்டு. திருச்சூரில் ஒரு புடவைக் கடைப் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கிய போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. நம்மவர்கள் மூன்றாண்டு கழித்து அந்த வழியைப் பின்பற்றினார்கள்.

கெண்டைக் காலில் நரம்பு சுருண்டு புடைப்பதும், இடுப்பு விட்டுப் போவதும், மாதத்தில் அந்த மூன்று நாள் படும் பாடும் நமக்குத் தெரியாததா? அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றாலே "அப்பாடா!" என்று சுவரில் சாய்கிறவர்கள் தானே நாம்!

சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது என்பேன். தகுந்த வசதி என்கிறதே ஒழிய, இத்தனை பேருக்கு இத்தனை இருக்கை என்று கணக்குச் சொல்லவில்லை. 1899-இலேயே இங்கிலாந்தில் கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கணக்கில்லாவிட்டால் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் அட்டைப் பெட்டியை அடுக்கி வைக்கிற முதலாளிக்குத் தப்பிக்க இடமுண்டு.

"கேட்டால் வேலையே போய்விடுமே!" என்பாள் அந்தப் பெண். நியாயமான பயந்தான். ஆனால் அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவு அவளுக்குத் துணை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமல் நீக்கக் கூடாது. நீக்குவதானாலும் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். குற்றம் சாட்டி உடனே அனுப்புவதென்றால் முறையான விசாரணை நடத்தியாக வேண்டும். முடிவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். ஆகவே வேலையில் சேர்ந்த தேதிக்கு அத்தாட்சியாகச் சம்பளச் சீட்டோ அடையாள அட்டையோ ஏதாவதொன்றைப் பத்திரமாக வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். வேலை நேரமும் நாளுக்கு எட்டு மணிதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் இடையே ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும்.

புகார் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் போக வேண்டும். உளுந்தூர்பேட்டைக்காரர்களுக்கு இப்போது விழுப்புரம் வரை அலைச்சல் இல்லை. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கினால், அந்தத் தளத்தில் நிற்கிற நாலைந்து பேர் சேர்ந்தே கையெழுத்துப் போடட்டும்.