அம்மாவும் மகளும் சேர்ந்து கேட்கலாம், கொரியா பாட்டு!

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ரெயில் ஏறுகிறீர்கள். எதிர் இருக்கையில் ஒரு பள்ளி மாணவி. காதில் இயர்போன். கண்கள் மூடியிருக்கின்றன. கால் மட்டும் தாளம் போடுகிறது.

அவள் கேட்பது தமிழ்ப் பாட்டு அல்ல. இந்திப் பாட்டும் அல்ல. கடல் கடந்து வந்த கொரியா நாட்டுப் பாட்டு!

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் நடக்கிற பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"இன்னாடி பாட்டு இது? ஒரு வார்த்தை புரியலையே!"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சும்மா இரு!"

அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பாட்டு நிற்பதில்லை.

பிள்ளை கேட்பது நல்ல பாட்டா? குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கலாமா? அந்தப் பாட்டில் என்னதான் சொல்கிறார்கள்? பெற்றவர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

கரூரில் புறப்பட்ட சிறுமிகள்

2024 ஜனவரியில் நடந்த சம்பவம் இது.

கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 3 சிறுமிகள். வயது 13. வீட்டில் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார்கள். கையில் இருந்தது 14 ஆயிரம் ரூபாய்.

எங்கே போக? கொரியாவுக்கு!

பி.டி.எஸ். என்ற பாட்டுக் குழுவை நேரில் பார்க்க வேண்டுமாம். விசாகப்பட்டினம் போனால் கப்பல் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சென்னை வரை வந்துவிட்டார்கள். பிறகு மனம் மாறி ஊருக்குத் திரும்பும்போது, காட்பாடி ரெயில் நிலையத்தில் போலீசார் கண்டுபிடித்தார்கள். நல்லவேளை! ஆபத்து ஒன்றும் இல்லை.

துறைமுகத்தில் போய் நின்றால் கப்பலில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். கப்பலைப் பார்த்தே வளர்ந்த வடசென்னைப் பிள்ளைக்கு அது தெரியும். கரூர்ப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இந்தச் செய்தியைப் படித்ததும் செல்போனைப் பிடுங்கி வைக்கத்தான் தோன்றும். ஆனால் பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று அறிய அது உதவாது. "இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானே வரும்.

புரியாத பாட்டு நமக்குப் புதிதா?

தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூருக்கு வந்தார். அங்குள்ள திரிபுரசுந்தரி அம்மன் மீது 5 கீர்த்தனைகள் பாடினார். "திருவொற்றியூர் பஞ்சரத்தினம்" என்று அவற்றைச் சொல்வார்கள். எல்லாம் தெலுங்கு! தெலுங்கு தெரியாதவர்களும் கேட்டு உருகினார்கள். இன்றும் உருகுகிறார்கள்.

கொரியாவும் நமக்கு அவ்வளவு தூரம் அல்ல. 1996-ல் ஹூண்டாய் கார் கம்பெனி சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை கட்டத் தொடங்கியது. அங்கே செய்த கார்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகின்றன. கம்பெனியோடு கொரியாக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. 2006 முதல் "இன்கோ சென்டர்" என்ற நிலையம் சென்னையில் கொரிய மொழி கற்றுக்கொடுக்கிறது. கொரியத் தொலைக்காட்சித் தொடர்களும் தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. பின்னாலேயே பாட்டும் வந்தது.

இனி, வீட்டார் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில பாட்டுகளைப் பார்ப்போம்.

சுறாக் குடும்பம்

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்தப் பாட்டு தெரியாமல் இருக்காது. "பேபி ஷார்க்"! அதாவது, குட்டிச் சுறா.

குட்டிச் சுறா வருகிறது. அம்மா சுறா வருகிறது. பிறகு அப்பா, பாட்டி, தாத்தா என்று சுறாக் குடும்பமே வந்துவிடுகிறது. மெட்டு பழைய அமெரிக்க மெட்டு. அதற்குப் படம் போட்டு, ஆட்டம் சேர்த்து, 2016-ல் உலகத்துக்குக் கொடுத்தது சியோல் நகரத்துக் கம்பெனி. யூடியூபில் முதன்முதலாக ஆயிரம் கோடி தடவை பார்க்கப்பட்ட படம் இதுதான். 2022 ஜனவரியில் அந்த எண்ணிக்கையைத் தொட்டது.

இதன் கொரிய மொழிப் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஓர் அதிசயம் இருக்கிறது. கொரியக் குழந்தை தாயை "ஒம்மா" என்கிறது. தகப்பனை? "அப்பா" என்றேதான் கூப்பிடுகிறது!

தமிழும் கொரிய மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சிலர் இதை வைத்து வாதாடுகிறார்கள். மொழி அறிஞர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. உலகத்தில் பல மொழிகளில் குழந்தையின் முதல் சொல் இப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் காதுக்கு இனிக்கிறது அல்லவா?

சுறாவைப் புட்டாக மட்டுமே பார்த்த காசிமேட்டுக் குழந்தை, அதைப் பாட்டிலும் பார்த்துவிட்டுப் போகட்டுமே!

"எனக்குப் பிடிக்காது"

ஒரே ஒரு பாட்டு கேட்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைக் கேளுங்கள்.

1999 ஜனவரியில் ஜி.ஓ.டி. என்ற ஐந்து இளைஞர்கள் குழு தன் முதல் பாட்டை வெளியிட்டது. பெயர் "டூ மதர்". அம்மாவுக்கு என்று பொருள்.

அது என்ன காலம்? 1997 கடைசியில் தென்கொரியாவில் பண நெருக்கடி வந்தது. கம்பெனிகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1996-ல் பின்னி மில் மூடியபோது வடசென்னையில் அடுப்பு எரியாத வீடுகளை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் அப்படி!

அந்த வேளையில் வந்த பாட்டு இது. கதை இதுதான்:

ஓர் ஏழை வீடு. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளை தனியாக நூடுல்ஸ் கொதிக்க வைத்துத் தின்னும். தினமும் அதேதான். அலுத்துப்போய் ஒருநாள் பிள்ளை அடம் பிடிக்கிறது. அம்மா ஒளித்து வைத்திருந்த பணத்தை எடுக்கிறாள். பிள்ளைக்கு "சாசாங்மியோன்" வாங்கித் தருகிறாள். பிள்ளை ஆசையோடு சாப்பிடுகிறது. அம்மா தொடவில்லை.

ஏன் என்று கேட்டால், தனக்கு அது பிடிக்காது என்கிறாள்!

"எனக்குப் பசிக்கல, நீ துன்னு" என்று சொல்லாத அம்மா நம் தெருவில் உண்டா?

பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் சாப்பாட்டைப் பார்த்து இன்னொரு பையன் கேலி செய்கிறான். பிள்ளை அடித்துவிடுகிறது. அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்கிறார்கள். தப்பு செய்யாத அம்மா அந்தப் பையனின் தாயாரிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறாள். பிறகு தாயும் மகனும் காசு சேர்த்துச் சிறிய சாப்பாட்டுக் கடை போடுகிறார்கள். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைக்கும்போது, ஓர் இரவு தூங்கப்போன அம்மா எழுந்திருக்கவே இல்லை.

இவ்வளவுதான் பாட்டு. ஆட்டம் பாட்டம் என்று கொரியாவைக் கேலி பேசுகிறவர்கள் இதை ஒருமுறை கேட்க வேண்டும்.

சாசாங்மியோன் என்பது கறுப்பு நிறச் சோயா மொச்சைக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். இன்ச்சோன் என்ற துறைமுக நகரத்தில், சீனாவிலிருந்து வந்து மூட்டை தூக்கிய கூலிக்காரர்களின் சாப்பாட்டிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பணக்காரர் விருந்து அல்ல. ஆனாலும் அந்த அம்மாவுக்கு எட்டவில்லை!

கப்பலில் போன பிள்ளைகள்

அதே இன்ச்சோன் துறைமுகத்திலிருந்து 2014 ஏப்ரல் மாதம் "செவோல்" என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. ஏப்ரல் 16-ந் தேதி காலையில் கடலில் கவிழ்ந்தது. 304 பேர் மாண்டார்கள். அவர்களில் 250 பேர் ஒரே பள்ளிக்கூடத்து மாணவ மாணவிகள். சுற்றுலாவுக்குப் போன பிள்ளைகள்!

2017 பிப்ரவரியில் பி.டி.எஸ். குழு "ஸ்பிரிங் டே" என்ற பாட்டை வெளியிட்டது. வசந்த நாள் என்று பொருள். பிரிந்துபோன நண்பனைப் பார்க்க ஏங்கும் பாட்டு. பனிக்காலம் முடிந்து எப்போது பூப் பூக்கும், எப்போது உன்னைப் பார்ப்பேன் என்று மனம் காத்திருக்கிறது. அதன் படத்தில் மஞ்சள் நாடாக்கள் தெரிகின்றன. கப்பலில் போன பிள்ளைகளுக்காக அந்த நாட்டு மக்கள் கட்டியதும் மஞ்சள் நாடாதான். "இது அந்தப் பிள்ளைகளின் பாட்டு" என்று ரசிகர்கள் நம்புகிறார்கள். பாடியவர்கள் வெளிப்படையாக அப்படிச் சொல்லவில்லை.

கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு எப்படி இருக்கும்? மீனவர் குப்பத்துக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 சுனாமியைப் பார்த்த கடற்கரை இது. இந்தப் பாட்டுக்கு மொழிபெயர்ப்பு கூடத் தேவைப்படாது.

கரூர்ச் சிறுமிகள் பார்க்கப் புறப்பட்டது இந்தக் குழுவைத்தான். ஏழு பேர். 2013-ல் பாட வந்தவர்கள். உலகப் புகழ் வந்தும் ஏழு பேரும் கட்டாய ராணுவச் சேவைக்குப் போனார்கள். 2025 ஜூனில்தான் கடைசி ஆள் சேவையை முடித்தார்.

குதிக்க வேண்டும் போல் இருந்தால் இவர்களுடைய "டைனமைட்" இருக்கிறது. 2020-ல் கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது வந்த ஆங்கிலப் பாட்டு. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2021-ல் வந்த "பெர்மிஷன் டு டான்ஸ்" பாட்டின் ஆட்டத்தில், காது கேளாதவர்கள் பேசும் சைகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆற்றுக்குத் தெற்கே

2012-ல் வந்த "கங்னம் ஸ்டைல்" நினைவிருக்கிறதா? குண்டு மனிதர் ஒருவர் குதிரை ஓட்டுவதுபோல் ஆடுவாரே, அதேதான். பாடியவர் சை. யூடியூபில் 100 கோடியைத் தொட்ட முதல் படம் அது.

அதற்கு அர்த்தம் தெரியுமா? கொரிய மொழியில் "கங்" என்றால் ஆறு. "நம்" என்றால் தெற்கு. சியோல் நகரத்தின் நடுவே ஹான் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்குத் தெற்கே இருப்பவர்கள் பணக்காரர்கள். அவர்களைப்போல வேஷம் போடுகிறவர்களைக் கிண்டல் செய்கிற பாட்டு இது.

ஆற்றுக்குத் தெற்கே பவிசு! கூவத்துக்கு வடக்கே குடியிருப்பவர்களுக்கு இந்தத் தமாஷை விளக்க வேண்டுமா?

பாட்டு பரவாயில்லை. படத்தில் இரண்டொரு காட்சிகள் குழந்தைகளுக்கு வேண்டாதவை.

மின்மினிப் பூச்சி

இரவில் குழந்தையைத் தூங்க வைக்க ஒரு பாட்டு வேண்டுமா? ஐயூ என்ற பாடகி 2017-ல் பாடிய "துரூ தி நைட்" கேளுங்கள். கிட்டார் ஒன்று மெல்ல ஒலிக்கிறது. தூக்கம் வராத ஒருத்தி, அன்புக்குரியவரின் ஜன்னலுக்கு மின்மினிப் பூச்சியின் வெளிச்சத்தை அனுப்புகிறாள். காதல் பாட்டுதான். ஆனால் தாலாட்டுபோல இருக்கிறது. முகம் சுளிக்க ஒரு சொல் இல்லை.

ஐயூ சிறுமியாக இருந்தபோது குடும்பம் கடனில் நொடிந்துபோனது. பாட்டியோடும் தம்பியோடும் ஒற்றை அறையில் கிடந்தார். அறை முழுக்கக் கரப்பான் பூச்சி. பாட வாய்ப்புக் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் தள்ளிவிட்டார்கள். 2008-ல் 15 வயதில் மேடை ஏறினார். இதையெல்லாம் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2025-ல் உலகம் முழுவதும் ஓடிய "கோல்டன்" பாட்டைப் பாடியவர்களில் ஒருவர் ஈஜே. சிறுமியாக இருந்தபோதே சியோலில் பெரிய பாட்டுக் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். சுமார் 10 ஆண்டுகள் பயிற்சி! கடைசியில் மேடையே ஏற்றவில்லை. பிறகு பாட்டு எழுதப் போனார். அவர் சேர்ந்து எழுதிப் பாடிய கோல்டன்தான் 2025 ஆகஸ்டில் பில்போர்டில் முதலிடம் பிடித்தது. "கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்" என்ற கார்ட்டூன் படத்தில் வருகிறது. படத்தில் பேய்கள் வரும். சிறு பிள்ளைகளோடு கூட உட்கார்ந்து பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

கொரியாவிலிருந்து வருவதெல்லாம் குழந்தைகளுக்கு ஏற்றது என்று நினைத்துவிடக் கூடாது. 2024-ல் ரோஸேயும் அமெரிக்கப் பாடகர் புரூனோ மார்சும் பாடிய "அபாத்து" பாட்டைப் பிள்ளைகள் பாடிக்கொண்டே திரிந்தார்கள். அபார்ட்மெண்ட் என்பதைக் கொரியாக்காரர்கள் சொல்கிற விதம் அது. அது என்ன விளையாட்டு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. மது குடிக்கும்போது கையைக் கை மேல் அடுக்கி, தோற்றவர் குடிக்க வேண்டிய விளையாட்டு!

தென்கொரியாவில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது என்று தீர்மானித்த பாட்டின் பக்கத்தில் 19 என்ற எண்ணைப் போட்டுவிடுவார்கள். நம் செல்போனில் வேறு அடையாளம். ஆபாச வார்த்தை உள்ள பாட்டின் பெயருக்கு அருகில், சிறு கட்டத்துக்குள் ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்து இருக்கும். அதைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அந்த அடையாளம் இருக்காது. அபாத்து போன்ற பாட்டை அர்த்தம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அர்த்தம் தெரிந்துகொள்வதும் கடினம் அல்ல. யூடியூபில் பல பாட்டுகளுக்கு வரிகள் படத்தின் அடியில் எழுத்தாக ஓடும். "சி.சி." என்ற பொத்தானைத் தொட வேண்டும். அமைப்புக்குள் போனால் சில பாட்டுகளுக்குத் தமிழிலேயே மாற்றிக்கொள்ளலாம். இயந்திரம் செய்கிற தமிழ், கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். கதை புரிந்துவிடும்.

பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் மகளைக் கேளுங்கள். இயர்போனைக் கழற்றிவிட்டுக் காட்டுவாள்.