கால் இருந்தும் நடை மறந்தது!



எங்கள் வாலிநோக்கத்தில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம். எங்கே பார்த்தாலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை! இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு நடந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். இப்படிப்பட்ட ஊரில் குடும்பம் நடத்துகிறவளுக்கு நடை நின்றுபோனால் என்ன ஆகும்? அதை அனுபவித்தவள் நான்.

2022-ம் ஆண்டு ஐப்பசி மாதம். மழைக்கு உப்பளத்தில் வேலை நின்று, என் வீட்டுக்காரர் சும்மா இருந்த சமயம். என் தையல் மெஷினை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தால் இடது கால் மரக்கட்டை மாதிரி கிடக்கிறது. தூக்க வரவில்லை.

பக்கவாதம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாத காலை இழுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்!

அதற்குப் பிறகுதான் சோதனை. "வேலை செய்யச் சோம்பல், நடிக்கிறா" என்று தெருவில் பேசினார்கள். என் அத்தைக்கோ வேறு பயம். "ஏந் தாயி, காத்துக் கருப்பு பட்டிருக்கும். ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயிருவோமா?" என்றார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள், தண்ணீர் தூக்கவும் சமைக்கவும் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டாள். கால் போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

கடைசியில் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். என்னைப் படுக்க வைத்து, இடது குதிகாலுக்கு அடியில் தன் கையை வைத்தார். "என் கையை அழுத்துங்க" என்றார். என்னால் முடியவில்லை. "சரி, இப்ப வலது காலைத் தூக்குங்க" என்று அந்தக் காலை மேலிருந்து அழுத்திப் பிடித்தார். நான் முக்கித் தூக்கியபோது, இடது குதிகால் தானாகவே அவர் கையை நன்றாக அழுத்தியதாம்! எனக்கே தெரியவில்லை. 1908-ல் ஹூவர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வைத்த சோதனை இது.

"நரம்பு அறுந்துபோகலை. நீங்க நடிக்கவும் இல்லை. மூளையிலிருந்து காலுக்குப் போற உத்தரவு வழியில தடுமாறுது" என்றார். நோயின் பெயர் ஃபங்ஷனல் நியூராலஜிக்கல் டிஸார்டர். என் பாஷையில் சொன்னால், மெஷின் நன்றாக இருக்கிறது, பெல்ட்தான் நழுவுகிறது!

முன்பு இதைத்தான் ஹிஸ்டீரியா என்றார்கள். கர்ப்பப்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் ஆண்களுக்கும் இந்த நோய் வரும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்குக் குரல் அடைக்கும், சிலருக்கு வலிப்பு மாதிரியே வரும். மனக்கவலை ஒரு காரணமாக இருக்கலாம். கவலையே இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு. "எதையோ மனசில வச்சுப் புழுங்குறே" என்று நோயாளியைக் குடைய வேண்டாம்.

வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். இரண்டு பாதத்தையும் மிதியில் வைத்து, ரவிக்கைத் துணியிலேயே கண்ணாக இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வலது காலை எடுத்துவிட்டேன். இடது கால் தனியாக மிதிக்கிறது! 'ஆகா' என்று குனிந்து பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் நின்றுபோனது. அன்றைக்குத்தான் புரிந்தது: காலையே கவனித்தால் கால் வராது. கவனத்தை வேறெங்காவது வைத்தால் வரும்.

பிஸியோதெரபி சொல்லிக் கொடுத்தவரும் இதே வழியில்தான் பழக்கினார். கண்ணை வாசற்படியில் வைத்து நடப்பது, பின்பக்கமாக நடப்பது, தாளம் போட்டு அடி வைப்பது என்று படிப்படியாக. எனக்குக் கைகொடுத்த சில விஷயங்கள்:

* நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யக்கூடாது, மறுநாள் படுக்கைதான். நான் கால் மணி நேரம் தைத்தால் கொஞ்சம் ஓய்வெடுப்பேன்.

* கெட்ட நாளிலும் முழுக்கப் படுத்துவிடக்கூடாது. முடிந்த நாலு அடி நடக்க வேண்டும்.

* வீட்டார் தூக்கிச் சுமக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். "மெதுவா வா, இருக்கேன்" என்றால் போதும்.

* வலிப்பு மாதிரி வருகிறவர்கள், டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

* திடீரென்று முகம் கோணினால், கை கால் துவண்டால், பேச்சு குழறினால், எந்த யோசனையும் வேண்டாம். உடனே 108-க்குச் சொல்லுங்கள். பக்கவாதமா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

* மனசு சோர்ந்தால் 14416-க்குப் பேசலாம். 2022-ல் அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம்.

ஏர்வாடிக்கும் போனோம். அத்தையின் மனசு ஆறட்டும் என்று தர்காவில் வேண்டிக்கொண்டு வந்தோம். வேண்டுதலை எந்த டாக்டரும் தடுக்கவில்லை. ஆனால் அதே ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த நோயாளிகள் 28 பேர் இறந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பிரார்த்தனை செய்யுங்கள், வைத்தியத்தை விடாதீர்கள். யாரையும் கட்டிப்போடாதீர்கள்.

தை பிறந்ததும் என் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். பரீட்சை எழுதிப் பாஸும் செய்தாள். எனக்கு முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் கால் இழுக்கும். அன்றைக்கு அரைக் குடம்தான். ஆனால் அந்த அரைக் குடத்தையும் நானேதான் கொண்டு வருகிறேன்.

தெருவில் யாராவது "நடிக்கிறா" என்று சொன்னால், நீங்கள் அதற்குத் தலையாட்டாதீர்கள், சகோதரிகளே.