வாவிக்கரைக் கண்டல்: நடுதலும் காத்தலும்

நீரினாற் பெயர் பெற்ற நாடு மட்டக்களப்பு. களப்பு என்னும் சொல் கடலோடு தொடர்புடைய ஆழமற்ற நீர்நிலையைக் குறிக்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாக வடக்குத் தெற்காய்க் கிடக்கும் இவ்வாவியே நாட்டை எழுவான்கரை எனவும் படுவான்கரை எனவும் இரண்டாகப் பகுத்தது. எழுவான்கரையில் மீனவரும் நெசவாளரும் வணிகரும் நெருங்கி வாழ்கின்றனர். படுவான்கரையில் வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும் பரந்து கிடக்கின்றன. மட்டக்களப்பு நகரை அடுத்த முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலோடு கலக்கின்றது. விபுலாநந்த அடிகளார் நீரர மகளிரின் இசையெனப் பாடிய மீனிசையால் இவ்வாவியின் புகழ் கடல் கடந்தும் பரவிற்று.

பாடும் மீனைப் பற்றி எழுதினோர் பலர். அம்மீன் குஞ்சாய் இருந்தபோது அதற்குத் தொட்டிலாய் நின்ற மரத்தைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். அம்மரம் கண்டல். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டல் நடுவது ஓர் இயக்கமாகவே நம் நாட்டிற் பரவிற்று. பள்ளி மாணவரும் சங்கத்தாரும் அதிகாரிகளும் வெளிநாட்டு உதவியாளரும் சேற்றில் இறங்கி நட்டனர். நட்டவற்றுள் எத்தனை பிழைத்தன? பிழையாதவை ஏன் பிழைத்தில? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டல் என்பது தனியொரு மரத்துக்கும், உவர்நீர்க் கரையில் வளரும் மரக்கூட்டம் முழுவதுக்கும் வழங்கும் பெயராகும். அக்கூட்டத்துள் கண்டல், கண்ணா, கிண்ணை, தில்லை எனப் பலவகை உண்டு. சங்கத்து நெய்தற் பாடல்களிற் கழிக்கரைச் சிற்றூர்களுக்கு வேலியாகக் கண்டல் பேசப்படுகின்றது. தில்லையோ சிதம்பரத்தின் தலமரம். தன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்க வல்ல அம்மரத்தின் பெயராலேயே அம்பலம் தில்லை எனப் பெயர் பெற்றது. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்துக் கழிகளில் இன்றும் தில்லை வளர்கின்றது. நம் வாவிக்கரையிலும் அது வளர்கின்றது. ஆகவே கண்டற்காடு தமிழர்க்குப் புதிதாக அறிவிக்க வேண்டிய பொருளன்று. அறிந்திருந்து மறந்த பொருள் என்பதே பொருந்தும்.

உப்புநீரும் காற்றோட்டமற்ற சேறும் ஏனைய மரங்களைக் கொல்லும். கண்டலினத்து மரங்கள் அவற்றினிடையே வாழ வழி கண்டுள்ளன. கண்டலின் ஊன்றுவேர்கள் வளைந்து இறங்கி மரத்தைத் தாங்குவதோடு காற்றையும் உள்வாங்குகின்றன. கண்ணா மரம் சேற்றுக்கு மேலே விரல்போல நீட்டிய வேர்களால் மூச்சு விடுகின்றது. உட்புகுந்த உப்பை இலைவழியே வெளியேற்றுகின்றது. கண்டலின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்டு, பின்னர் விழுந்து, நீரில் மிதந்து, தகுந்த சேற்றைக் கண்டவிடத்து வேரூன்றும். இவ்வியல்பை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். கண்டல் தனக்குரிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் மரம். மனிதன் அதற்கு இடம் தேட முற்பட்டபோதே பிழைகள் தோன்றின.

கண்டலாற் பெறும் பயன்கள் பல. வேர்களின் இடுக்குகளில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் பகைவர்க்கு அஞ்சாது வளர்கின்றன. அத்தாங்கு கொண்டு இறால் வடிக்கும் ஏழைக்கும் வீச்சுவலைக்காரனுக்கும் கிட்டும் வருவாயில் ஒரு பங்கு இம்மரங்கள் ஈட்டித் தந்ததாகும். மழைவெள்ளம் கொணரும் வண்டலை வேர்கள் தடுத்து நிறுத்துகின்றன, கரையரிப்பையும் தணிக்கின்றன. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இந்து, பசிபிக் கடற்புறத்துக் கண்டற்காடுகள் ஒரு ஹெக்டேயருக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 தொன் கரிமத்தைச் சேமித்து வைத்துள்ளன எனக் கணித்தது. அச்சேமிப்பின் பெரும்பகுதி மரத்திலன்றிச் சேற்றிலேயே உள்ளது. எனவே காட்டை வெட்டிச் சேற்றைக் கிளறுவோன் பல தலைமுறை சேர்த்த வைப்பைக் கலைப்பவனாகின்றான்.

இத்தகைய காடு குறைந்தமைக்குக் காரணம் ஒன்றன்று. விறகுக்கும் வேலிக்கும் வெட்டினர். வயலை விரித்தும் கரையை மண்ணிட்டு நிரப்பியும் நிலம் தேடினர். இலங்கையின் வணிக இறால் வளர்ப்பு முதன்முதலில் வேரூன்றிய இடங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. 1980களில் மூண்ட போரால் இங்கு அது நின்றுபோக, பின்னர் புத்தளம், சிலாபம் பகுதிகளிற் பெருகிற்று. அங்கும் 1996இல் வெண்புள்ளி நோய் பரவப் பல குளங்கள் பாழாயின. போர்க்காலத்தில் மறைவிடம் ஆகாதிருத்தற் பொருட்டு வாவியோரத்திலும் வீதியோரத்திலும் கண்டல் வெட்டி வெளியாக்கப்பட்டது. மக்களின் பசி, பேராசை, போர் என்னும் மூன்றும் ஒரே மரத்தின் மேல் விழுந்தன எனலாம்.

2004ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டான நாவலடி முதலிய இடங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. அதன்பின் கண்டலே கரைக்கு அரண் என்னும் எண்ணம் எங்கும் வலுப்பெற்றது. இதில் ஓர் உண்மையும் ஒரு மிகையும் உள்ளன. அடர்ந்த கண்டற்காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பது உண்மை. ஆயினும் கண்டல் அமைதியான கழிநீரில் வளரும் இயல்பினது. திறந்த கடல் மோதும் மணற்கரையில் அது நில்லாது. ஆதலின் வாவிக்கரையின் கண்டலைக் கடல்முகத்துக் காவலாகக் கருதுவது பொருந்தாது. நடுவோர் சிலரிடம் இவ்வேறுபாடு பற்றிய தெளிவு இருந்திலது.

நடுகையின் பயனை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இலங்கையின் 23 இடங்களில் நிகழ்ந்த 67 நடுகை முயற்சிகளை அவ்வாய்வாளர் நேரிற் சென்று கண்டனர். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை மேற்கொள்ளப்பட்ட மீளமைப்பில் 200 முதல் 220 ஹெக்டேயர் அளவே வெற்றி பெற்றது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் உயிரோடில்லை. அரைப்பங்குக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரையைச் சார்ந்தவை. அவ்வரிசையிற் கிழக்கிலங்கையின் இடம் ஒன்றேனும் இல்லாமை நாம் நாணுதற்கும் சிந்தித்தற்கும் உரியது.

கன்றுகள் மடிந்தமைக்கு அவ்வாய்வாளர் கூறிய காரணங்கள் எளியவை. இடத்தேர்வு பிழைத்தது, ஆடுமாடுகள் மேய்ந்தன, மிதித்தன, பாசி படர்ந்து இளங்கன்றுகளைச் சாய்த்தது, பூச்சிகள் தின்றன. இவை அனைத்துக்கும் மேலாக, நட்டபின் பேணுவார் இருந்த இடங்களிற் கன்று பிழைத்தது. இல்லாத இடங்களில் அழிந்தது.

இவற்றுள் இடத்தேர்வு என்பது நம் வாவியைப் பொறுத்தவரை நீர்மட்டத்தைப் பற்றிய அறிவேயாகும். இலங்கைக் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு; வாவியினுள் அதனினும் சிறிது. எனவே கண்டல் வாழத்தக்க கரை ஓர் ஒடுங்கிய நாடா அளவினதே. ஒரு முழம் உள்ளே நட்டால் மூழ்கும். ஒரு முழம் வெளியே நட்டால் வரளும். இதனோடு முகத்துவாரத்தின் இயல்பையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். வறண்ட மாதங்களில் அலை கொணரும் மணல் ஆற்றுவாயை அடைக்கின்றது. வடகீழ்ப் பருவமழையிற் படுவான்கரையின் ஆறுகளும் குளங்களும் வாவியை நிரப்ப, நீர் உயர்ந்து தாழ்ந்த வயல்களுட் புகுகின்றது. அப்போது ஆற்றுவாயை வெட்டித் திறந்துவிடுவது வழக்கம். உழவன் விரைவில் வெட்ட வேண்டும் என்பான். வாவி வற்றி மீனும் இறாலும் கடலுட் போய்விடும் என அஞ்சும் மீனவன் பொறுத்து வெட்டலாம் என்பான். 2011ஆம் ஆண்டு தை மாதத்துப் பெருவெள்ளம் போன்ற காலங்களில் இவ்வழக்கு மிகக் கூர்மை அடைகின்றது.

இவ்வழக்கின் மூன்றாவது கட்சிக்காரன் கண்டற் கன்று. அதற்காகப் பேசுவார் இலர். வாய் அடைபட்டு நீர் உயர்ந்து நிற்கும் வாரங்களிற் புதிதாய் நட்ட கன்று தலைமூழ்கி, மூச்சின்றி அழுகுகின்றது. கோடையில் அதே இடத்துச் சேறு வெடித்து உப்புப் பூக்கின்றது. ஒரு நாள் வந்து நட்டுச் செல்லும் வெளியூரார் அன்றைய நீர்மட்டத்தை மட்டுமே காண்பர். கார்த்திகையில் நீர் எவ்வளவு ஏறும், ஆவணியில் எவ்வளவு இறங்கும் என்பதை அக்கரையில் வாழும் மீனவன் அறிவான். அவனைக் கேளாமல் நட்டமையே பல முயற்சிகளின் முதற் பிழை.

நீரை அறிந்து செயற்பட்டால் விளையும் நன்மைக்கு முற்கூறிய பிச்சாவரமே சான்று. அங்கே முற்காலத்திற் காட்டைத் துண்டு துண்டாக முற்றும் வெட்டியதனால், வெயில்பட்ட நிலம் தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. உட்புகுந்த கடல்நீர் தேங்கி ஆவியாக, உப்பு மிகுந்து மரம் முளையாதாயிற்று. பழி நெடுங்காலம் சுற்றூர் மக்கள் மேலும் அவர்தம் மாடுகள் மேலும் சுமத்தப்பட்டது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டு வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து உண்மைக் காரணத்தைக் கண்டது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீர் வந்துபோக வழி செய்தனர், அதன்பின் நட்டனர், காடு தழைத்தது. முதலில் நீர், பின்னர் நடுகை, என்றும் ஊரார் காவல் என்பதே அங்கு கண்ட முறை.

இலங்கையிலும் ஊரார் காவலுக்கு ஒரு முறை வகுக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் இலங்கை அரசும் சுதீச என்னும் சிறுமீனவர் அமைப்பும் அமெரிக்காவின் சீகோலஜி நிறுவனமும் இணைந்து, நாட்டின் கண்டற்காடுகள் முழுவதையும் காக்கும் திட்டத்தை அறிவித்தன. 1,500 கரையோரச் சமூகங்களைச் சேர்ந்த 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளிப்பது, அதற்கு ஈடாக ஒவ்வொரு சமூகமும் தன்னருகே சராசரி 21 ஏக்கர்க் காட்டைக் காப்பது என்பது அதன் அமைப்பு. 2016இற் பம்பலையிற் கண்டல் அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு பெப்ருவரியில் இலங்கையின் கண்டல் மீளுயிர்ப்பு முயற்சியை உலகின் முன்மாதிரிகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சபை ஏற்றது. விறகுக்கு வெட்டும் கையைத் தண்டிப்பதினும், அக்கைக்கு வேறு தொழில் கொடுப்பது சிறந்தது என்னும் கருத்து இதன் அடிப்படை. கடன் தீர்ந்தபின்னும் காவல் நீடிக்க வேண்டுமாயின், காடு தமக்கே உரியது என்னும் உணர்வு ஊராரிடம் வேரூன்ற வேண்டும்.

அவ்வுணர்வை வெளியிலிருந்து கொணர வேண்டியதில்லை. பொதுநீரைப் பங்கிட்டுக் காக்கும் கலையில் மட்டக்களப்பார் பழக்கம் உடையோர். வட்டை விதானை என ஒருவரை அமர்த்தி, எவ்வயலுக்கு எப்போது நீர் விடுவது, எந்நாளுக்குமுன் மாடுகளை வயற்புறத்திலிருந்து அகற்றுவது என ஊர் கூடி முடிவு செய்த மரபு நம்முடையது. முடிவை மீறியவன் ஊராருக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. வயலுக்குச் செய்த அதனைக் கரைக்கும் செய்தல் இயலும். கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் ஆண்டுதோறும் ஆற்றுவாய் பற்றிக் கூடும்போது, எக்கரையிற் கன்றுகள் உள்ளன, அவை எவ்வளவு நீரைத் தாங்கும், எவ்வழியாக மாடுகள் செல்லலாகாது என்பனவும் பேசப்படட்டும். கரைக்கும் ஒரு விதானை இருக்கட்டும். தாய்மரம் அருகே நின்று விதை மிதந்து வரும் இடங்களில் நடாமலே விட்டு, காவல் மட்டும் செய்தாலும் காடு தானே எழும். செலவு குறைந்ததும் சிறந்ததுமான வழி அதுவே.

மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. நடுகை நாளில் நாம் பலராய்ச் செல்கின்றோம், படமெடுக்கின்றோம், அறிக்கை எழுதுகின்றோம். அடுத்த ஆண்டு அதே நாளில் அதே கரைக்குச் சென்று, நின்றவை எத்தனை, வீழ்ந்தவை எத்தனை என எண்ணி வருவோர் எத்தனை பேர்? அவ்வெண்ணிக்கையை ஆண்டுதோறும் எழுதி வைப்பதற்குப் பொருட்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும் ஒரு தோணியும் கரையை அறிந்த ஒரு மீனவரின் துணையும் போதும். ஐந்தாண்டு எண்ணிய மாணவர் எங்கே நடத் தகும், எங்கே தகாது என்பதைத் தம் ஊருக்கே எடுத்துரைக்க வல்லவராவர். ஒரு கன்றை நடுதற்கு ஒரு காலைப்பொழுது போதும். அது மரமாகி, அதன் விதை மிதந்து மறுகரை சேரும்வரை காத்தற்கு ஓர் ஊர் வேண்டும்.