பாலாறு கடலைத் தொடும் இடம்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குக் கடல் என்றால் மெரினா, இல்லாவிட்டால் மாமல்லபுரம். விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் அலையில் கால் நனைத்து, சுண்டல் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுவோம். நமக்குச் சொந்தமான கடற்கரை ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர்களை ஒட்டி ஓடும் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலில் சேர்கிறது. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழகத்தில் 222 என 348 கிலோமீட்டர் கடந்துவந்த ஆறு அங்கேதான் முடிகிறது. ஏற்ற இறக்கமில்லாத கரை என்பதால் பாட்டியும் பேரனும் சேர்ந்தே நடக்கலாம். நம் மண்ணையும் தண்ணீரையும் பற்றி அந்தக் கரை கற்றுத்தரும் பாடம் பெரியது.

நடையைச் சதுரங்கப்பட்டினத்தில் தொடங்குவது நல்லது. வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் காரில் மூன்று மணி நேரம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டையும், அவர்களுடைய பழைய கல்லறைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு எதிரிலேயே கடற்கரையில் இறங்கலாம். வடக்கே அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பகுதி இருப்பதால் அந்தப் பக்கம் போகக் கூடாது. கோட்டையை ஒட்டிய மணலிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரு சின்னக் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு, ஈரம் காய்ந்த மணலில் மெல்ல இழுக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பையைத் தூக்கினால் கறுப்புத் துகள்கள் குத்திட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அவை மேக்னடைட் என்ற இரும்புத் தாது. மீதி மணலை உள்ளங்கையில் பரப்பி வெயிலில் பார்த்தால், கண்ணாடித் துண்டாக மின்னுவது குவார்ட்ஸ். ஆங்காங்கே சிவப்பாகத் தெரிவது கார்னெட். கரையில் கறுப்பு வரிகள் விழுவதற்கும் காரணம் உண்டு. திரும்பும் அலை எடை குறைந்த குவார்ட்ஸை இழுத்துச் சென்றுவிடுகிறது. கனமான கறுப்பு மணி தங்கிவிடுகிறது.

இந்த மணிகள் பிறந்த இடம் கடல் அல்ல, நம் மேற்கு மலைகள். வேலூர்ப் பக்கத்துக் குன்றுகளில் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு பழைய பாறைகள் இருக்கின்றன. வெயிலும் மழையும் அவற்றை நொறுக்குகின்றன. மலட்டாறு, பொன்னை, செய்யாறு போன்ற துணையாறுகள் அந்தத் துகள்களைப் பாலாற்றில் சேர்க்கின்றன. வெள்ளம் வரும்போதெல்லாம் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்து கடைசியில் கடலுக்கு வருகிறது.

வந்த மணல் அங்கேயே நிற்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் கரைக்குச் சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. கூட்டிக் கழித்தால் ஆண்டு முழுவதும் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்ததும் இதனால்தான். ஆறு மணல் தராவிட்டால் கடற்கரை இளைக்கும்.

அடுத்து, புதுப்பட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலாற்றுப் பாலத்துக்கு வரலாம். ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்திருக்கும். ஆற்றில் நீரோட்டம் இல்லாதபோது அலை கொண்டுவரும் மணல் வாயை மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு ஓடும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நம் ஊர்ப் பாலங்களில் நின்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளம் முடிந்த இடம் இது.

இங்கே ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்றன. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நல்ல ஆற்று நீரில் ஒரு கிராம்கூட இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மடவையும் இறாலும் குஞ்சாக வளர்கின்றன. நீர் வற்றிய ஈர மணலில் மிளகு அளவு உருண்டைகள் கோலமிட்டாற்போல் கிடந்தால் உட்கார்ந்து பாருங்கள். விரல் நகம் அளவு நண்டு ஒன்று மணலை வாயில் இட்டு, அதில் ஒட்டிய நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் போட்டுக்கொண்டே போகும். அடுத்த ஓதத்தில் உருண்டைகள் கரைந்துவிடும். தை முதல் பங்குனி வரை இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. மணல் இளைத்தால் ஆமைக்கும் இடமில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலை மண்ணுக்கு அடியில் நடக்கிறது. நன்னீர் கடல் நீரைவிடச் சற்று லேசானது. அதனால் கரையோர நிலத்தடியில், தண்ணீர்மேல் எண்ணெய் மிதப்பதுபோல், உப்பு நீர்மேல் நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அது அழுத்தி வைத்திருக்கும். அந்த ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால், காலப்போக்கில் உப்பு நீர் அந்த 40 மீட்டரும் மேலேறும். வயலூர் அருகே ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியதன் நோக்கங்களில் ஒன்று, கடல் நீர் உள்ளே புகாமல் தடுப்பது. ஆற்று மணலும் இதே வேலையைச் செய்கிறது. ஒரு கன மீட்டர் மணலின் இடுக்குகளில் சுமார் 300 லிட்டர் நீர் தங்கும். மணலை லாரியில் ஏற்றினால் அந்தத் தொட்டியும் சேர்ந்தே போகிறது.

நம் ஊர்த் தோல் தொழிலின் கதை இங்கேதான் கடலோடு சேர்கிறது. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும் என்பதால் அதில் உப்பைத் தடவி அடுக்குகிறார்கள். அந்த உப்பு தோல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம். உப்புத் தோல் டேனரிக்கு வந்ததும் முதல் வேலை, ஊறவைத்து உப்பைக் கழுவி எடுப்பது. அந்தத் தண்ணீர் பல்லாண்டுகள் ஓடைக்கும் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போனது. தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்து மறுபடி பயன்படுத்த வழி உண்டு. உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. அது மட்காது, மறையாது. சவ்வு வழியே அழுத்திப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த கலப்பு உப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். வயலில் ஏறிய சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, மழை நீரும் இறங்காதபடி இறுக்கிவிடுகிறது.

கடலோர உப்பளத்தில் விளைந்த உப்பு, மூட்டையாக மேற்கே ஏறி நம் கிணறுகளில் இறங்கியிருக்கிறது. மலையில் பிறந்த மணல் கடலுக்கு வராமல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மணல் கீழே போக வேண்டும், உப்பு மேலே வரக் கூடாது. பாலாற்றுப் படுகையில் நாம் இரண்டையும் தலைகீழாக்கியிருக்கிறோம்.

இதற்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டமும் சொல்லிவிட்டது. டேனரிகளின் மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. இடைப்பட்டது ஒரு தலைமுறைக் காலம். தோல் தொழிலால் வாழும் குடும்பங்கள் ஏராளம்; தொழில் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தோலை உதறி உப்பைத் திரும்ப எடுப்பது, உப்பைக் குறைத்துப் பதப்படுத்துவது, ஊறல் நீரைத் தனியே பிரிப்பது என வழிகள் தெரிந்தவைதான். எல்லா இடத்திலும் நாள் தவறாமல் செய்ய வைப்பதுதான் பாக்கி.

தை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். வெயில் ஏறுமுன் நடந்து முடியுங்கள். தொப்பி, குடிநீர், காந்தம், ஒரு பூதக்கண்ணாடி போதும். முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். நண்டு வளையைத் தோண்டாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கொண்டே வந்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் கிணற்று நீரையோ போர்வெல் நீரையோ ஆய்வகத்தில் கொடுத்து, கரைந்துள்ள உப்பின் அளவைக் கேளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாதபோதும் 2000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அடுத்த கிராம சபையிலும் எழுந்து சொல்லுங்கள்.